கணுக்காலளவு தண்ணீரில் ஒரு படகு

நான் வேலை செய்யும் ஊரில், கணுக்கால்கூட முழுதாக நனையாத தண்ணீரைப் பார்த்துத் "தாராளமாக இருக்கிறது" என்று சொல்கிறார்கள். முதல் வாரம் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். சொன்னவள் டெஸ். என் வயதுக்காரி, என்னோடு ஒரே பிரிவில் வேலை செய்பவள். கூழாங்கற்களின் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் வழுக்கிக்கொண்டிருந்த ஆற்றைக் காட்டி அப்படிச் சொன்னாள். நான் சிரித்ததும், எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். பிறகு படகை ட்ரெய்லரிலிருந்து தண்ணீரில் இறக்கி, என்னை ஏற்றிக்கொண்டு, அந்தக் கண்ணாடித்தாளின் மேலேயே பறந்தாள். பக்கத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவள் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நியூசிலாந்தின் தென்தீவில், பனிமலைகளிலிருந்து இறங்கும் ஆறுகளின் ஓட்டத்தை அளப்பது என் வேலை. இங்கே ஆறு என்றால் ஒரு கோடு இல்லை. அகலமான கல்வெளியில் பல கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, தலைமயிரைப் பின்னியதுபோல் ஓடும். நேற்றுப் போன வழி இன்றைக்கு இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. நான் பிறந்து வளர்ந்த வெள்ளவத்தைப் பக்கம் அளந்த தண்ணீர் வேறு வகை. பட்டம் பெற்றபின் செய்த முதல் வேலையில், பாமன்கடைப் பாலத்தடியில் வாய்க்காலின் மட்டத்தைப் பார்க்க மழைக்காலத்தில் என்னை அனுப்புவார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு பிளாஸ்டிக் போத்தல் மிதந்து வரக் காத்திருக்க வேண்டும். போத்தல்களுக்கு அங்கே பஞ்சமில்லை, கபரகொய்யா என்ற நீர் உடும்புகளுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் அதில் நான் இறங்கியதில்லை. எங்கள் வீடுகளில் கடல் என்பது மாலையில் காற்று வாங்கும் இடம். ரயில் பாதையைத் தாண்டிப் போகக்கூடாது, பாறையில் ஏறக்கூடாது, கச்சான் கடலையைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். கடலோசையோடு வளர்ந்த எனக்கு, முழங்கால்வரை ஓடும் தண்ணீரில் நின்ற அனுபவம் கடலே கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்கில்தான் கிடைத்தது.

எங்கள் படகில் இருப்பது ஒரு சிறிய ஜெட் எஞ்சின். வெளியே பூட்டுகிற வகை. சாதாரணப் படகு எஞ்சினுக்குக் கீழே தொங்கும் விசிறி இதற்கு இல்லை. இருந்தால் முதல் கல்லிலேயே உடைந்துவிடும். விசிறிக்குப் பதிலாக, காலில் போடும் சப்பாத்தைப் போன்ற ஒரு உறுப்பு. அதன் அடியில் கம்பி அடைப்பு. அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் சக்கரத்தால் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீச்சல்தான் படகைத் தள்ளுவதும் திருப்புவதும். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால், டெஸ் சொல்லித் தந்தவற்றை இப்படி மனப்பாடம் செய்துகொண்டேன். முதலாவது, பீச்சல் நின்றால் திருப்பமும் நின்றது. இரண்டாவது, சீரான சிற்றலை தெரிந்தால் அங்கே ஆழமில்லை. வழுவழுப்பான நாக்குப்போல் கீழ்நோக்கிக் கூராக ஒடுங்குவதுதான் படகு போகும் வழி. மூன்றாவது, கம்பி அடைப்பின் பக்கத்தில் நூலோ கயிறோ களையோ எதுவும் வரக்கூடாது. நான்காவதுதான் எனக்குப் பெரும்பாடு: தண்ணீர் குறைகிற இடத்தில் வேகத்தைக் குறைக்காதே. வேகமாகப் போகும்போது படகு தண்ணீரின் மேல் எழும்பி, உள்ளங்கை அகல ஆழம்கூடப் போதும் என்ற நிலைக்கு வரும். பயந்து குறைத்தால் அடிப்பக்கம் இறங்கிக் கல்லில் உட்காரும்.

நான் காலி வீதி என்ற நெரிசலான பெருந்தெருவில் கார் பழகியவள். பின்சீட்டில் அம்மா இருப்பார். அம்மா கணித டியூஷன் ஆசிரியை. வெள்ளவத்தையில் பாதிப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அவர்கள் தாய்மாருக்கும் தெரியும். முன்னால் பஸ் தெரிந்தால் "ஸ்லோ பிள்ளை, ஸ்லோ." நாய் தெரிந்தால் "ஸ்லோ." ஒன்றும் தெரியாவிட்டால், "ஏன் ஒண்டையும் காணேல்ல, ஸ்லோ பண்ணு." போர் நடந்த பழைய நாட்களில் சோதனைச் சாவடிகளில் வேகம் குறைத்து, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கிப் பழகியவர்களின் எச்சரிக்கை அது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த "ஸ்லோ" என் இடது மணிக்கட்டிலும் குடியிருந்தது. எஞ்சினின் கைப்பிடியைத் திருகித்தான் வேகம் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். சிற்றலையைக் கண்டதும் என் கை தானாகத் தளரும். படகு கரகரவென்று உட்காரும். டெஸ் இறங்கித் தள்ளுவாள்.

கோடை முடியும்போது எனக்குப் பரீட்சை வைத்தார்கள். ஆற்றில் தனியாகப் படகு ஓட்டலாம் என்று உறுதிப்படுத்த, வேறு ஊரிலிருந்து புரூஸ் என்ற அதிகாரி வருவார். அவர் வருவது அபூர்வம். தவறினால் அடுத்த கோடைவரை மேசையில் இருந்து மற்றவர்கள் அளந்ததைத் திருத்த வேண்டும். என் வேலை நிரந்தரமாவதும் அதுவரை தள்ளிப்போகும். அதைவிட, எனக்கு அந்த ஆறு பிடித்துப்போயிருந்தது. மேசையிலிருந்து அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரம் அம்மா என்னிடம் வந்திருந்தார். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் அவரை வீட்டில் இருத்திவைக்க முடியாது. ஆற்றங்கரைக்கு வந்தார். கம்பளித் தொப்பி, சேலைக்கு மேல் என் மழைக்கோட்டு, கையில் ஒரு பை. பையிலிருந்து முதலில் வந்தவை எலுமிச்சைகள், எங்கள் பேச்சில் தேசிக்காய்கள்.

"புது வாகனம் எடுக்கேக்க சில்லுக்குக் கீழ வைக்கிறேல்லையே? இண்டைக்குத்தானே நீ புதுசா எடுக்கிறாய்."

"அம்மா, படகுக்குச் சில்லு இல்லை."

"உதுக்கு இருக்கு." ட்ரெய்லரைக் காட்டினார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. டெஸ்ஸுக்கு இல்லை. எந்தச் சில்லு முதலில் என்று கேட்டு, குனிந்து தானே வைத்து, வண்டியைக் கவனமாகப் பின்னுக்கு எடுத்தாள். தேசிக்காய்கள் நசிந்த சத்தத்துக்குக் கைதட்டினாள். அடுத்து, பையிலிருந்து மாலை வந்தது. வீட்டு முற்றத்துச் செவ்வந்திகளை அம்மா விடிய எழும்பிக் கட்டியிருந்தார். நார் இல்லாததால், குளியலறையில் இருந்த பல் இடுக்கைச் சுத்தப்படுத்தும் நூலில் கட்டியிருந்தார். அதை எஞ்சினின் கழுத்தில் போடப் போனார்.

"அங்க வேண்டாம், அம்மா. நூல் உள்ளுக்குப் போயிடும்."

"அப்ப முன்னுக்குக் கட்டு. கட்டினதை இண்டைக்குக் கழட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்."

என் வரிசையில் மூன்றாவதை நினைத்துப் பார்த்தேன். படகின் மூக்கு எஞ்சினிலிருந்து எவ்வளவோ தூரம், தண்ணீருக்கு மேலே. டெஸ்ஸும் பார்த்துத் தலையாட்டினாள். கட்டினேன்.

ஆற்றை எதிர்த்து மேலே போனபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. புரூஸ் முன்பலகையில் கைகளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார். ஒரு கல்திட்டில் மூக்கை ஏற்றி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரும்பப் புறப்படச் சொன்னார். தள்ளிவிட்டு ஏறி எஞ்சினை இயக்கியபோதுதான், படகின் மூக்கில் மாலை இல்லாததைக் கண்டேன். கல்லில் உரசி அறுந்திருந்தது. செம்மஞ்சளாக ஏதோ படகின் அடியால் பின்பக்கம் வந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி எஞ்சின் வீறிட்டது. சத்தம் மட்டும்தான், தள்ளல் இல்லை. முதலாவது விதி: பீச்சல் நின்றால் திருப்பமும் நின்றது. படகு குறுக்கே திரும்பி, தன்பாட்டில் கீழே போகத் தொடங்கியது. கீழே, ஆற்றுக்குள் சரிந்த வில்லோ மரங்கள். இந்த ஆறுகளில் எல்லாரும் பயப்படுவது கல்லுக்கு அல்ல, படகைச் சிக்கவைத்து மூழ்கடிக்கும் அவற்றின் கிளைகளுக்கு.

எஞ்சினை நிறுத்தினேன். ஓட்டம் வரும் பக்கமாக இறங்கினேன். பனித்தண்ணீர் முழங்காலைக் கடித்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைக் கற்களுக்குள் புதைத்து, இழுபட்டு இழுபட்டு அதை அடுத்த திட்டில் சாய்த்தேன். எஞ்சினைத் தூக்கி நிமிர்த்திப் பார்த்தால், கம்பி அடைப்புக்குள் சுழல்தண்டைச் சுற்றி அம்மாவின் நூல் இறுகியிருந்தது. கொக்கிக் கம்பியாலும் சிறு கத்தியாலும் வெட்டி வெட்டி இழுத்தேன். இதழ்கள் வந்துகொண்டே இருந்தன.

புரூஸ் எட்டிப் பார்த்தார். "இது என்ன களை? இந்த ஆற்றில் நான் கண்டதில்லையே."

ஆம் என்று தலையாட்டியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். களை சிக்குவது யாருடைய தப்பும் இல்லை.

"களை இல்லை," என்றேன். "அம்மா கட்டிய மாலை. என் நன்மைக்காகக் கட்டினார். அறுந்துவிடாது என்று நான்தான் விட்டேன்."

அவர் ஒரு துண்டு நூலை எடுத்து மோந்து பார்த்தார். "புதினா வாசம் வருகிறது."

"பல் நூல்."

"உறுதியான நூல்," என்றார். மிஞ்சிய பூக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முன்பலகையில் மறுபடி கைகளைக் கட்டி உட்கார்ந்தார். "சரி, வீட்டுக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த அகலமான சிற்றலை இருந்தது. கீழே வரும் ஒவ்வொரு முறையும் நான் படகோடு கல்லில் உட்காரும் இடம். தூரத்தில் கரையில் அம்மாவின் கம்பளித் தொப்பி தெரிந்தது. அவர் கை மேலும் கீழும் ஆடியது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை; கேட்க வேண்டிய தேவையும் இல்லை. என் மணிக்கட்டு தளரப் பார்த்தது. அதைத் தளரவிடாமல் இன்னும் கொஞ்சம் திருகினேன். படகு எழும்பியது. அடியில் சிறுகற்கள் சுளகில் அரிசி புடைப்பதுபோல் சலசலத்தன. பிறகு அந்தச் சத்தம் நின்றது. கீழே பச்சை நிற ஆழம். நான் மூச்சு விட்டேன்.

கரையில் இறங்கியதும் புரூஸ், "நொட் பேட்," என்றார். சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

அம்மா ஓடி வந்தார். "என்னவாம்?"

"பரவாயில்லையாம்."

அம்மாவின் முகம் விழுந்தது. அவர் பிள்ளைகளின் கொப்பியில் "பரவாயில்லை" என்று எழுதினால், முழுக்கணக்கையும் திரும்பச் செய் என்று அர்த்தம். "அப்ப பெயில்," என்றார். "என்ர மாலையாலதான், என்ன? ஈரமாவேற நிக்கிறாய்." அவர் தன் சேலைத்தலைப்பால் என் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டெஸ்தான் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "புரூஸ் 'நொட் பேட்' என்று சொன்னாரா? உண்மையாகவா? எனக்கு ஒரு தலையாட்டல்தான் கிடைத்தது!" அதற்குள் புரூஸ் கையெழுத்திட்ட தாளோடு திரும்பி வந்தார். எல்லாருடைய எஞ்சினுக்குள்ளும் ஏதாவது ஒருநாள் போகும் என்றார். நான் ஓட்டம் வரும் பக்கமாக இறங்கியது சரி, மறுபக்கம் இறங்கியிருந்தால் படகு என்மேல் ஏறியிருக்கும் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து நனைந்த பூக்களை எடுத்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். "அடுத்த முறை ட்ரெய்லரில்."

"என்ன சொல்றார்?"

"ட்ரெய்லரில கட்டட்டாம்."

அம்மா யோசித்தார். "அதுவும் சரிதான். ரோட்டில போறது அதுதானே," என்றார்.

இதை வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். இன்று பின்னேரம் அம்மாவும் நானும் பாமன்கடைப் பக்கம் ஓட்டோவில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் வீதிக்கு ஏறியிருந்தது. பாலத்தைத் தாண்டியதும் என்னை அறியாமல் தண்ணீரைப் படிக்கத் தொடங்கினேன்: நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் சிற்றலை, போத்தல்கள் போகும் திசை கடல் பக்கம். ஜெட் எஞ்சின் இங்கே பத்தடி ஓடாது, பொலித்தீன் பையில் மூச்சடைத்துவிடும். ஆனாலும் வழி தெரிந்தது.

"ஸ்லோ, தம்பி, ஸ்லோ," என்றார் அம்மா.

"குறைக்காதீங்க அண்ணா," என்றேன் நான். "குறைச்சா புகைக்குழாய்க்குள்ள தண்ணி போய் எஞ்சின் நிண்டிடும். அப்படியே நடுவால விடுங்க."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் யாரு பேச்சக் கேக்கிறது, அம்மா?"

"என்ர பேச்சை," என்றார் அம்மா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். மழையில் வெளியே பார்த்தார். "உவள் இப்ப லைசன்ஸ் எடுத்தவள்," என்றார், பெருமையா புகாரா என்று பிரிக்க முடியாத குரலில். "சரி, உவள் சொல்ற மாதிரிப் போங்கோ."

ஓட்டோக்காரர் நடுவால் விட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து எழும்பியது. கண்ணாடிக்குக் கீழே அவர் கட்டியிருந்த பூச்சரமும் காய்ந்த தேசிக்காயும் ஆடின. என் ஒரு கையை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றக் கை, இடது கை, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தண்ணியடி," என்றார் அம்மா.

எட்டிப் பார்த்தேன். கணுக்கால்வரை இருக்கும்.

"தாராளமா இருக்கு," என்றேன்.