நினைவு மலரில் ஒரு சொல்

அண்ணி இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் அவரது வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. எதையும் திகதியோடு எழுதிவைப்பவள் நான். பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், வேலை செய்த இடம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அவரது அழகைச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. வடிவு என்றால் முகத்தோடு நின்றுவிடும். கவர்ச்சி சினிமா விளம்பரம் போல இருந்தது. அண்ணி உள்ளே வந்தால், கதைத்துக்கொண்டிருப்பவர்கள் தங்களை அறியாமலே தள்ளியிருந்து இடம் விடுவார்கள். 'வசீகரமானவர்' என்று எழுதினேன்.

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் எடுத்த புரூஃபை கல்கிசைக்குக் கொண்டுபோய் அண்ணாவிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினார்.

"நல்ல சொல்தானே அண்ணா?"

"அது எங்கயிருந்து வந்தது எண்டு அகராதியில பார்."

அவரது அலுமாரியிலேயே அகராதி இருந்தது. வசீகரம்: வசப்படுத்துதல். மந்திரத்தாலோ மருந்தாலோ ஒருவரைத் தன் சொற்படி ஆட்டுவது. அழகு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது.

"அம்மா கடைசிவரைக்கும் இவவின்ர கையால ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை. மருந்து போட்டிடுவாவாம், என்னை மயக்கினமாதிரி. ஆர் மயக்கினது? நான்தான் மூண்டு மாசம் ஹெவ்லொக் டவுன் பஸ் ஹோல்ட்டில நாய்மாதிரி நிண்டனான். இவ திரும்பியும் பாக்கேல்லை."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

அவர்கள் கலியாணம் முடித்து வெள்ளவத்தை வீட்டில் எங்களோடு இருந்த மாதங்களில் எனக்கு இருபத்திரண்டு வயது. வசியத்தை எடுக்க அண்ணா போட்ட சேட் ஒன்று வேண்டும் என்றார் அம்மா. அழுக்குக் கூடையில் இருந்த நீலக் கோட்டுச் சேட்டை மடித்து, மந்திரிப்பவரிடம் கொண்டுபோனவள் நான். போன பஸ்ஸின் இலக்கத்தோடு அதுவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

புரூஃப் கொண்டுபோன அன்றைக்குத்தான் அதை முதன்முறையாக அண்ணாவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "நீ கூடையில இருந்து எடுத்ததை அவ கண்டவ. உன்னட்டைக் கேக்கக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

அதற்குப் பிறகு எத்தனை வருடம் அண்ணி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"அந்த இடத்தில என்ன போட, அண்ணா?"

அவர் புரூஃபை மடித்து என் கையில் வைத்தார். அந்த வாக்கியம் இல்லாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.