போர்மேன் சொல்லிக்கொடுத்த வயது

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் போர்மேன் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது பட்டாசுத் தொழிற்சாலையில் சட்டம். வருடக்கணக்காக அதிலேயே பழகிய கால்கள், கூண்டைப் பார்த்ததும் தாமாகவே செருப்பை விட்டுவிட்டன. சாத்தூர் கோர்ட்டில் அது மதிய நேரம். சுவரில் மின்விசிறியின் நிழல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நிழலும் அவருடைய வெறுங்காலும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் வந்துவந்து போகின்றன. அது கனவில்லை. பேருந்தில் போகும்போது, சோறு வடிக்கும்போது, விழித்திருக்கையில்தான் வருகிறது.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்தங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பதினோரு வயதில் என்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனவர் அவர். பதினாலுக்குக் கீழே ஆள் எடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால், ஒரு டாக்டரிடம் நிறுத்திப் பதினாலு என்று சான்றிதழ் வாங்கினார். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரே காலையில் இரண்டு மூன்று வயது கூடிவிட்டது. அதை யாரும் பொய்யாக நினைக்கவில்லை. ‘வீட்டு வயசு’, ‘கம்பெனி வயசு’ என்று இரண்டு வயது எல்லோருக்கும் உண்டு. வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் இருப்பதுபோல. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் என் அம்மா கம்பெனி வயசைத்தான் சொன்னாள். அதுதான் டாக்டர் கையெழுத்துப் போட்டது, அதுதான் செல்லும் என்று நினைத்தாள்.

விடியுமுன் தொழிற்சாலை பஸ் வரும். போர்மேன் படியில் நின்றுகொண்டு, ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து “வயசு?” என்று அதட்டுவார். எந்த நேரம் இன்ஸ்பெக்டர் வருவார் என்று தெரியாது, எங்களைப் பழக்கவேண்டும், அதற்குத்தான். “பதினாலு முடிஞ்சு பதினஞ்சு நடக்குதுய்யா” என்று சொல்லவேண்டும். தடுமாறினால் உச்சந்தலையில் ஒரு குட்டு. பாதித் தூக்கத்தில் சொல்லிவிட்டு ஏறி, முன் சீட்டில் தலையைச் சாய்ப்பேன். வெளியே கருவேலங்காடு கறுப்புத் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது எங்கள் கை, காது, கண்ணிமை எல்லாம் வெள்ளிப்பொடி அப்பியிருக்கும். ஜன்னல் வழியாக வெயில் விழும்போது பஸ்ஸுக்குள் நாற்பது பிள்ளைகளும் மின்னுவோம். மீன்களை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தது.

பத்தொன்பது வயதில் மலேசியாவுக்கு ஆள் எடுக்கிறேன் என்று ஓர் ஏஜென்ட் வந்தான். ரேஷன் கார்டையும் டாக்டர் சான்றிதழையும் வைத்து எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்துவிட்டுக் காணாமல் போனான். அதிலும் கம்பெனி வயசுதான். நான் அதை டிரங்குப்பெட்டியில் போட்டுவிட்டு, தனித்தேர்வு எழுதிப் பத்தாவது முடித்தேன். நர்சிங் உதவியாளர் படிப்பும் முடித்துச் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆனபோது, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி என்னைத் தேர்ந்தெடுத்தது. சான்றிதழ்களைப் பார்த்தார்கள். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் பள்ளிக்கூடம் எழுதிய உண்மை வயது. பாஸ்போர்ட்டில் மூன்று வயது அதிகம். இரண்டும் ஒன்றாக இருந்தால் வா, ஒரு வருடம் இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள்.

பாஸ்போர்ட் ஆபீசில் ஏழு முறை நின்றேன். எட்டாவது முறை ஒருவர் நிமிர்ந்து பார்த்து, எங்களால் மாற்ற முடியாது, சிவில் கோர்ட்டில் எங்கள்மேலேயே வழக்குப் போட்டு உத்தரவு வாங்கி வா என்றார். தன்மேல் கேஸ் போடச் சொல்லி வழியும் காட்டுகிற ஓர் ஆபீசை நான் அன்றுதான் பார்த்தேன். சரி, போட்டேன். அரசாங்கத்தின்மேல் வழக்கு என்றால் முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். அதற்கப்புறம் வாய்தாமேல் வாய்தா. என் ஒரு வருடம் கோர்ட் வேப்பமரத்தடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பதிவு மட்டும் போதாது என்றார் என் வக்கீல். வாத்தியார்கள் குத்துமதிப்பாகப் பிறந்த நாள் எழுதுவது எதிர்த்தரப்புக்குத் தெரியும். டாக்டர் சான்றிதழ் பொய் என்று அதை வாங்கியவரே வந்து சொல்லவேண்டும். போர்மேன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். “நான் கூண்டுல ஏறுனா கம்பெனி என்னைய எறக்கிரும் தாயி” என்றார். எறக்கட்டும் என்றேன். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

என் விசாரணை நாள் வந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். பெயர் கேட்டார்கள், அப்பா பெயர் கேட்டார்கள், சொன்னேன். வயது என்ன என்றார்கள். கொஞ்சம் அதட்டின குரல்.

“முப்பது முடிஞ்சிருச்சுய்யா.”

எனக்கு இருபத்தேழு. அதை நிரூபிக்கத்தான் வழக்கே போட்டேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பாஸ்போர்ட் ஆபீசின் வக்கீல் சிரிக்கக்கூட இல்லை, மரியாதையாக எழுந்து, மனுதாரரே சொல்லிவிட்டார், இதைக் குறித்துக்கொள்ளவேண்டும் என்றார். ஊருக்குள் ஒரு வாரம் இதுதான் பேச்சு. “ஏலே, வயசக் கொறைக்கக் கேஸ் போட்டவ, கோர்ட்ல போயி கூட்டிச் சொல்லிட்டு வந்திருக்கா” என்று டீக்கடையில் சிரித்தார்கள். மஸ்கட் அவ்வளவுதான் என்று முடிவுசெய்து நானும் வார்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு, யாரும் கூப்பிடாமல், போர்மேன் வந்து கோர்ட் வாசலில் நின்றார். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேராக என் வக்கீலிடம் போய், நான் சாட்சி சொல்லணும் என்றார்.

சான்றிதழ் தானே வாங்கியது என்று ஒப்புக்கொண்டார். எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டபோது, எண்ணவில்லை என்றார். எதிர் வக்கீல் விடவில்லை. இத்தனை வயதான பெண், படித்த பெண், சத்தியம் செய்தபின் தன் வயதைத் தப்பாகச் சொல்வாளா என்று கேட்டார். போர்மேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

“ஏ புள்ள, வயசு?”

நான் எழுந்து நின்றேன். நிற்கவேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை.

“பதினாலு முடிஞ்சு பதினஞ்சு நடக்குதுய்யா.”

கருவேலங்காடு எனக்குள் ஓடியது. போர்மேன் நீதிபதியிடம், “இப்பிடித்தாய்யா. இது அந்தப் புள்ள பேசுறதில்ல, நான் பேசுறது” என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து வெகுநேரம் எழுதினார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. பாஸ்போர்ட்டில் வயதைத் திருத்திக் கொடுத்தார்கள். மஸ்கட்டில் இடம் இன்னும் இருந்தது, போனேன். எட்டு வருடம் அங்கே இருந்தேன். இப்போது விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வார்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் வயது கேட்டு எழுதவேண்டிய இடத்தில், நான் கேட்பதில்லை. அவர்களுடைய அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். போர்மேன், நான் ஊரில் இல்லாதபோது இறந்துபோனார். சாட்சி சொன்ன மறுநாளே கம்பெனி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அந்த மறுநாள் வருவதற்கு முன்னாலேயே, அன்று சாயங்காலமே அவருக்கு அது தெரிந்திருந்தது. கோர்ட் முடிந்து இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் நின்றோம். தொழிற்சாலை பஸ் வந்தது. எப்போதும் அவரை எங்கே கண்டாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் பஸ். கையைத் தூக்கினார். டிரைவர் பார்த்தான், நிறுத்தவில்லை. அவர் கையை உடனே இறக்காமல், தலை கோதுவதுபோல் கொண்டுபோய்ப் பிறகு இறக்கினார். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “கோவம் போச்சா தாயி?” என்று கேட்டார்.

“போகல.”

“சரி. போக வேணாம்” என்றார்.

டவுன் பஸ் வந்தது. எனக்குப் பின்னால் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். திருத்தங்கல் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் கோபம் போகவில்லை. ஆனால் அன்று ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.