வாயைப் பொத்தாதே என்ற சிக்கந்தர் பாய்

செவ்வாய்க்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, பழைய தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒரு வரி வந்தது. சிக்கந்தர் பாய் மௌத்தாகிவிட்டார், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு தங்கா பத்து ஊரில் அடக்கம். அந்தக் குழுவில் காலை வணக்கமும் பூப்படமும்தான் வழக்கமாக வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த உங்களில் பலருக்கு அவர் கேண்டீனே அதிரச் சிரிக்கும் மனிதர். எனக்கு அவர், தொண்ணூறுகளின் நடுவில், கணினி அறையின் பக்கத்து நாற்காலிக்காரர். குரு என்று சொன்னால் அவரே சிரிப்பார். இருவருக்கும் ஒரே வயது. போட்டோஸ்டாட் எடுத்த ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் இருவரும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப் பழகினோம். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தால் கணினி அவற்றைத் தானே வரிசையாகச் செய்து முடிக்கும். புத்தகம் அவர் கைக்கு மூன்று மாதம் முன்பே வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளியைத் தவறாகத் தட்டி, தன்னுடைய ஒரு வாரத்து வேலையை மொத்தமாகத் தொலைத்துவிட்டார். நானாக இருந்தால் கூசாமல் மெஷின்மேல் பழியைப் போட்டிருப்பேன். அவர் தே தாரிக் டீக் குவளையோடு மேசை மேசையாகப் போய், "இன்னைக்கு நான் செஞ்ச கூத்தக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "சொல்லிட்டா அது கதை லா, வாசுகி. மறைச்சாத்தான் தப்பு" என்றார். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

நான் முதன்முதலாகத் தனியாக எழுதியது, ஷிப்ட் சீட்டு அச்சடிக்கும் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஒரு கோப்பு; அதில் அடுத்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட், எந்த பஸ் என்ற விவரம். அது அச்சாகிச் சீட்டாகக் கைக்குப் போகும். சீட்டைக் காட்டினால்தான் காவலாளி கேட்டைத் திறப்பார்; ஆபீஸ் ஆட்களுக்குச் சீட்டு கிடையாது. சோதித்துப் பார்த்தபோது, அழிப்பதற்குப் பழைய சீட்டு இல்லையே என்று ஒவ்வொரு பெயருக்கும் திரையில் ஒரு முணுமுணுப்பு வந்தது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் மேற்பார்வையாளர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். பிழைச் செய்திகளைக் கண்காணாமல் தள்ளிவிட ஒரு வழி புத்தகத்தில் இருந்தது. போட்டேன். திரை பளிச்சென்று ஆனது. மேற்பார்வையாளர் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை சீட்டு கொடுத்தபோது தமிழர்களுக்கு மட்டும் இல்லை. பிறகு வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, நியாலாஸ் ஊர் பஸ்ஸில் வந்து இறங்கிய தோட்டத்துப் பெண்களைக் காவலாளி உள்ளே விடவில்லை. மலாய்க்காரர், சீனர் எல்லோர் கையிலும் சீட்டு இருந்தது. எங்கள் தோட்டத்துப் பச்சையம்மா அக்கா கம்பி வேலி வழியாக என்னைக் கூப்பிட்டார். அவர் உழைப்பில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

"நம்ம ஆளுங்கள மட்டும் நிப்பாட்டிட்டாங்களாம். ஆபீஸ்ல நீ இருக்கியே வாசுகி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

நேராகப் பாயிடம் போய், "யாரோ வேணும்னே நம்ம ஆளுங்க பேர எடுத்துட்டாங்க பாய்" என்று ஆரம்பித்தேன்.

"நெனச்சத சொல்லாத. பாத்தத சொல்லு."

தமிழ்ப் பெயர் ஒன்றுக்குக்கூடச் சீட்டு அச்சாகவில்லை என்றேன். அவர் ஸ்கிரிப்டை மேலிருந்து விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பிழைச் செய்திகளை மறைத்த என் கெட்டிக்கார வரியில் விரல் நின்றது.

"அது வாய நீயே பொத்தி வெச்சிட்டு, சொல்லலையேன்னா எப்படி லா?"

அதை நீக்கிவிட்டு மறுபடியும் ஓட்டினார். திரை நிறையப் பிழைச் செய்திகள், எல்லாம் தமிழ்ப் பெயர்கள். நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மகன் அல்லது மகள் என்பதற்கான (A/L, A/P) இரண்டு எழுத்தும் அவற்றுக்கிடையே ஒரு சாய்கோடும் இருக்கும் அல்லவா? சாய்கோட்டைக் கண்டால் கணினி அதை ஓர் அறையின் வாசலாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஓர் அறையே இல்லாததால் கோப்பை வைக்க இடமின்றி அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பெயருக்குப் பதில் தொழிலாளர் எண்ணைக் கோப்புக்கு வைத்தோம். கால் மணி நேரத்தில் சீட்டுகள் வந்துவிட்டன.

கம்ப்யூட்டர் ரோசாக், பழுதாகிவிட்டது என்று சொல்லிச் சீட்டுகளைக் கொடுத்துவிடும்படி மேற்பார்வையாளர் சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்தப் பொய் எனக்கும் வசதியாகவே இருந்தது. பாய் விடவில்லை.

"ரோசாக்னா அவங்க நம்புவாங்களா? நம்மள வேணாம்னு சொல்லிட்டாங்கன்னுதான் காலத்துக்கும் நெனப்பாங்க. போய் சொல்லு. நான் கூட நிக்கிறேன், பேச மாட்டேன்."

கேட்டுக்குப் போனேன். "நான் எழுதினதுதான் தப்பாயிடுச்சுக்கா. உங்க யாரையும் நிப்பாட்டல" என்றேன். பச்சையம்மா அக்கா சீட்டை வாங்கி ஒரு முறை பார்த்தார்.

"அப்ப எங்கள யாரும் வேணாம்னு சொல்லலையா?"

"இல்லக்கா."

சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னோம்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாய் சொன்னபடியே கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அது பெரிதாக வலிக்கவில்லை. அன்று திரும்பி நடக்கும்போது பாய் கேட்டதுதான் வலித்தது.

"டெஸ்ட் பண்ணப்ப யாரு பேரெல்லாம் போட்ட?"

"மலாய், சீனப் பேருங்க. அலி, ஆ சோங், சித்தி."

"உன் பேரு?"

என் பெயரிலும் அதே சாய்கோடு இருக்கிறது. புத்தகத்தில் இருந்த மாதிரிப் பெயர்களையே போட்டேன். என் பெயரைப் போட எனக்குத் தோன்றவே இல்லை. பாய் என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

பாய், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இன்றும் எதை எழுதினாலும், முதல் சோதனைக்கு என் முழுப்பெயரைச் சாய்கோட்டோடு தட்டுகிறேன். பச்சையம்மா அக்காவை வெளியே நிறுத்தப்போகிற எதுவும், முதலில் என்னை நிறுத்தட்டும்.