சலீம் நானா சொன்ன விலை

போன வெள்ளிக்கிழமை மூதூர் லோஞ்சில் வந்து இறங்கிய ஒருவர்தான் இறங்குதுறையில் வைத்து எனக்குச் சொன்னார். "சலீம் நானா மௌத்தாகிட்டார். நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாச்சு." குடையை விரிக்கவும் தோன்றாமல் வெயிலில் நின்றேன். முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலைக் கடைத்தெருவில் அவருடைய வாத்தியக் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் லிகிதர். மாதம் ஒருமுறை கடைகளுக்குப் போய், அரிசி முதல் ஆர்மோனியம் வரை சனங்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று படிவத்தில் குறித்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை.

"வயலின் கம்பி போன மாத விலைதானே நானா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டே எழுதப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, இரண்டு கம்பிகளை மேசையில் வைத்தார். "இது முந்தி வந்த சாமான், மூணு மாதம் தாங்கும். இது இப்ப வாறது, மூணு கிழமையில அறுந்திடும். விலை ஏறல்ல எண்டு எழுதினா அது பொய், தம்பி." அதுவரை வெறுமையாகவே அனுப்பிய குறிப்புப் பகுதியை அன்றுதான் முதன்முதலாக நிரப்பினேன்.

பிறகு இறக்குமதி இறுகியது. கடைகளில் கம்பியே இல்லை. சலீம் நானா மட்டும் துறைமுகத்துக்கு வரும் கப்பற்காரரிடம் வாங்கி, மேசையின் கீழ் லாச்சியில் வைத்து, எங்கிருந்து எடுக்கிறார் என்று காட்டாமல் தெரிந்தவர்களுக்கு விற்றார். "பலகையில எழுதின விலை வேணுமா, உண்மையா விக்கிற விலை வேணுமா?" என்று என்னிடம் கேட்டார். "உண்மை விலை. இது வெளியில போகாது நானா," என்றேன். லாச்சியை இழுத்துக் காட்டிச் சொன்னார். பலகை விலையைப் போல் மூன்று மடங்கு.

நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு விலைக் கட்டுப்பாட்டுப் பரிசோதகரும் இருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "வாத்தியத்துக்கெல்லாம் விலை எழுதித் திரியிறதும் ஒரு வேலையோ?" என்று சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. சலீம் நானா கடையில் வயலின் கம்பி விற்கும் விலையைச் சொன்னேன். "அந்தக் கடையில கம்பி இல்லையே, நான் போய்ப் பாத்தனான்," என்றார். "கீழ் லாச்சியில பாக்க வேணும்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

அடுத்த கிழமை கடையைச் சோதித்தார்கள். வழக்கு, தண்டம். வாத்தியச் சாமான்களுக்கான அவருடைய இறக்குமதிப் பங்கும் நின்றது. மறுமாதம் நான் போனபோது, வயலின்கள் இருந்த அலுமாரியில் அலுமினியச் சட்டிகள்.

"இருங்க தம்பி," என்று கதிரையை நகர்த்தினார். "நடராசா மாஸ்டர்தான் காட்டிக் குடுத்திருக்கார்."

நடராசா மாஸ்டர் பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியர். நானாவின் நெடுநாள் சினேகிதர்.

"அவரா இருக்காது, நானா."

"லாச்சி தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். அவருக்கும் உங்களுக்கும். நீங்க சொல்ல மாட்டீங்க."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டி விலையைக் குறித்துக்கொண்டு எழும்பி வந்தேன். அதன்பின் சலீம் நானா மாஸ்டரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தார். கடையை மூடிவிட்டு மூதூரில் மகள் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் கதைக்கவில்லை.

மௌத்துச் செய்தி கேட்ட மறுநாள், சனிக்கிழமை, நிலாவெளிக்குப் போய் அங்கிருக்கும் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கம்பி விலை கூடிப்போச்சு எண்டு ஒருநாள் கடையில கத்தினனான். நானாவுக்கு அந்தக் கோபமாக்கும் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சன். மன்னிப்புக் கேக்க ரெண்டுதரம் கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தனான்." பிறகு, "மூதூர் லோஞ்சு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அடுத்தநாள் இருவரும் போனோம். நானாவை அடக்கிய மையவாடியில் மாஸ்டர் வெகுநேரம் நின்றார். நான் படலைக்கு வெளியே நின்றேன்.

சலீம் நானாவை அறிந்தவர்களே, அவரைக் காட்டிக் கொடுத்தது நடராசா மாஸ்டர் அல்ல, நான். மாற்றலாகும்வரை மாதாமாதம் நான் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு மாதம்கூட அவர் எனக்குப் பொய் விலை சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதற்கும் எனக்கு உரிமை இல்லை.