கறுப்புக் கட்டை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தத் தட்டையான தோல்பெட்டியைக் கையில் எடுத்தால் போதும், அவர் மனைவியின் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் அவள். ஒருவர் ஹலோ சொல்லும் தினுசிலேயே எதையாவது மறைக்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாள். கட்டின புருஷனிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

அவர் ஃப்ரீமேசன். கல்யாணமான புதிதில் "லாட்ஜுக்குப் போயிட்டு வர்றேன்" என்று அவர் கிளம்பியபோது இவளுக்குத் தலை சுற்றியது. அது அறை எடுத்துத் தங்கும் இடமல்ல, ஆண்கள் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு கூடும் சங்கம் என்று புரியவைப்பதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டிக்குள் வெள்ளைத் தோலில் ஓர் ஏப்ரன் இருந்தது. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவருக்கு ஏப்ரன் எதற்கு என்று கேட்டாள். சிரித்து மழுப்பினார்.

நாற்காலி எடுத்துப் போடும் வேலையில் தொடங்கி, படிப்படியாக வந்து, சங்கத்தின் மாஸ்டர் ஆனார். சடங்கு வாசகங்களைப் பக்கம் பக்கமாகக் குளியலறையில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தார். தண்ணீர்ச் சத்தத்தில் இவளால் ஒரு வார்த்தையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமலிருந்த இரண்டு டாக்டர்களைச் சங்கத்தின் கண் முகாமில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தார். இறந்துபோன உறுப்பினரின் மகளைத் தானே அழைத்துப்போய்க் கல்லூரியில் சேர்த்தார். எல்லாம் நல்லதுதான். நல்லது செய்ய எதற்குப் பூட்டிய கதவு? அவள் கேள்வி அதுதான்.

அவளுடைய தம்பி, குழாய்க் கடை வைத்திருப்பவன், தானும் சேர ஆசைப்பட்டான். தம்பி உள்ளே போனால் நமக்கும் ஏதாவது தெரியவரும் என்று அவளும் நச்சரித்தாள். கடைக்காரரே அவன் பெயரை முன்மொழிந்தார்.

புதியவரைச் சேர்க்க ரகசிய வாக்கு உண்டு. பெட்டிக்குள் கைவிட்டு, சம்மதமென்றால் வெள்ளை உருண்டை, வேண்டாமென்றால் கறுப்புச் சதுரக் கட்டை, ஏதாவது ஒன்றை எடுத்து அதே பெட்டியின் மறு தடுப்புக்குள் தள்ள வேண்டும். உள்ளே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலால் தடவித்தான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு கட்டை விழுந்தாலும் ஆள் வெளியேதான். யார் போட்டது என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

தம்பிக்கு ஒரு கட்டை விழுந்தது. கைத்தவறாக இருக்குமென்று மறுபடி வாக்கெடுத்தார்கள். மறுபடியும் ஒரு கட்டை. சேதி எப்படியோ தம்பி காதுக்கு வந்து, அக்கா காதுக்கும் வந்தது. மாஸ்டரே முன்மொழிந்த ஆளுக்கு வேறு யார் துணிந்து கட்டை போடுவார்கள், அத்தான் வேலைதான் என்று தம்பி சாதித்தான்.

"நீங்கதானே போட்டீங்க?"

"அதைப் பத்திப் பேசக்கூடாதும்மா."

"போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"போட்டேன்னும் சொல்லக்கூடாது, போடலைன்னும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

அன்றிலிருந்து தம்பி இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவான். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு புருஷனைக் கவனிக்கத் தொடங்கினாள். கடையில் மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணிகளை இப்போது அவர் முடுக்குவதில்லை, வேலைக்கு இருக்கும் அம்மாளிடம் தள்ளிவிடுகிறார். சுடச்சுட டம்ளரைக் கொடுத்தாலும் எங்கோ பார்த்தபடி பிடித்துக்கொண்டிருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று முடிவு கட்டினாள்.

ஒரு மத்தியானம் அவருடைய சட்டைக் கையில் பட்டன் அறுந்துவிட்டது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்தபடியே கையை நீட்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பைக்குள் துழாவி, "இந்தா பட்டன்" என்று வைத்தார்.

வைத்தது சதுரமான இருமல் மிட்டாய்.

அவளுக்குச் சுருக்கென்றது. "கண்ணை மூடுங்க" என்றாள். அவர் பையிலிருந்து பட்டனை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "இது என்ன?"

"மிட்டாய்."

மிட்டாயை வைத்தாள். வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "பட்டனா?"

"விரல் மரத்துப்போச்சா உங்களுக்கு? எத்தனை நாளா?"

"சர்க்கரைதான். கடைக்காரனுக்குக் கை போச்சுன்னா யார் கண்ணாடியைக் கொடுப்பாங்க? அதான் சொல்லல." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். மிட்டாயின் நாலு மூலையையும் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்ப அந்தக் கட்டை... என் கைதானா?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"மச்சானுக்கும் எங்க சங்கத்துக் காண்ட்ராக்டருக்கும் பழைய தகராறு இருக்கே, அவர்தான்னு நெனச்சேன். அன்னையிலேருந்து அவர் நீட்டுற கையைக்கூட நான் ஒழுங்காப் பிடிக்கறதில்ல. நான் மாஸ்டராம்!"

இத்தனை மாதம் அவள் எதை நிரூபிக்கத் துடித்தாளோ அது கையில் வந்துவிட்டது. கொஞ்சமும் சந்தோஷமில்லை.

அவரே போனை எடுத்தார். எண்கள் மாறி மாறி விழுந்தன. அவள் வாங்கி, தம்பிக்கு லைன் போட்டு, அவர் காதில் வைத்தாள்.

"மச்சான், அந்தக் கட்டையைப் போட்டது நான்தான்."

அவர் சத்தியத்தை மீறி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான்," என்றான் தம்பி. குரல் வறண்டிருந்தது. "வேற ஏதாவது உண்டா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடுமென்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்தவர் பேச்சில் குறுக்கே புகக் கூடாது என்பது எக்ஸ்சேஞ்சில் அவள் கற்ற முதல் பாடம். வேலையில் இருந்தவரை ஒரு தடவைகூட மீறியதில்லை. போனைப் பிடுங்கினாள்.

"வெச்சுராதே, லைன்ல இரு," என்றாள். "உங்க அத்தானுக்கு விரல்ல உணர்ச்சியே இல்லடா."