அரை மணி முந்திய கடிகாரம்

அன்று காலையிலிருந்தே அமராவதிக்கு உடம்பு கெஞ்சியது. மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதற்கு ஒரே ஆள் அவள். அப்பா உப்பு வாரிச் சேர்த்த காசில் டைப்ரைட்டிங் படித்தாள். திண்டிவனத்துக்கு பஸ் ஏறி ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றாள். முப்பத்து நாலு வயதில் சங்கத்தின் கடிதம், மனு, பட்டியல் எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. ஊர் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிடும். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அந்தக் கம்ப்யூட்டரும் லேசுப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் பாட்டரி செத்து மூன்று வருஷம் ஆகிறது. தினமும் காலையில் தேதியையும் மணியையும் கையால் போட வேண்டும். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் தொங்குகிறது. அதைப் பார்த்துப் போடுவாள். பாட்டரி மாற்றக் கேட்டால் செயலாளர் காசிலிங்கம், "ஓடுது இல்ல, ஓடட்டும்மா" என்பார்.

சுனாமி வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. வீடு கட்டித் தர வந்த நிறுவனம் முதலில் மீனவக் குடும்பங்களின் பட்டியலைத்தான் கேட்டது. ஊரில் கம்ப்யூட்டர் இருக்கிற இடம் என்று வேலை சங்கத்துக்கு வந்தது. அமராவதி சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்தாள். கழுவெளி ஏரி ஓரம் குடிசையை அலைக்குக் கொடுத்த உப்பளக் குடும்பங்கள் நாற்பத்து மூன்றும் அதில் இல்லை. 'இவங்க பேரு?' என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த உறுத்தல் ஒரு வருஷமாக அவளைத் தூங்க விடவில்லை. சங்கம் நடையாய் நடந்து, விட்டுப்போனவர்களைச் சேர்க்க ஒரு தவணை வாங்கியது. அதற்குக் கடைசி நேரம் அன்றைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி.

ஆளுக்கொரு ஃபைல், அதில் போட்டோ, கைநாட்டு, குடும்ப விவரம். மெயிலில் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், நிறுவனத்தின் 'கேட்வே' வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். சென்னையிலிருந்து கிருபா என்கிற இன்ஜினியர் பத்து மணிக்கே போனில் வந்து, நிறுவனம் அனுப்பிய சி.டி.யை ஏற்றச் சொன்னான்.

"கேட்வேன்னா வாசல் மாதிரி மேடம். ஃபைல நேரா எங்க கிடங்குல போட முடியாது. வாசல்ல குடுக்கணும். அது உங்க சாவியப் பார்க்கும், நீங்க அனுப்புற நேரத்தப் பார்க்கும், எல்லாம் சரியா இருந்தாத்தான் உள்ள விடும்."

சாவி என்பது முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும். அவன் சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். அவன் சொன்ன மற்றதையும் ஓரத்தில் கிறுக்கிவைத்தாள்.

முதல் ஃபைலை அனுப்பினாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது. சாவியை மறுபடி அடித்தாள். அனுமதி இல்லை. சங்கத்தில் ஒரே போன் லைன். நெட் வேண்டுமானால் போனை விட வேண்டும், கிருபாவைக் கூப்பிட வேண்டுமானால் நெட்டை அறுக்க வேண்டும். இப்படி அறுத்துக் கட்டி, அறுத்துக் கட்டி மத்தியானம் போனது. நடுவில் கரண்டு வேறு ஒரு மணி நேரம் இல்லை. திரும்ப வந்ததும் சுவரைப் பார்த்து மணியைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு மேல் கிருபா போனை எடுக்கவே இல்லை. கண் எரிந்தது, கொண்டுவந்த சோறு டிபன் பாக்ஸிலேயே கிடந்தது.

வாசற்படியில் வேலம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதில் உப்புப் பாத்தியில் இறங்கியவள், குதிகால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. நாற்பத்து மூன்று பேரில் அவளும் ஒருத்தி. தொந்தரவு செய்யவில்லை, என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று அமராவதிக்கு இருந்தது.

கம்ப்யூட்டர் மூலையில் மணி ஐந்து பத்து காட்டியது. அமராவதி நாற்காலியில் சாய்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

"முடிஞ்சிபோச்சுக்கா. அஞ்சு தாண்டிடுச்சு. என்னாலதான் முதல்லயும் போச்சு, இப்பவும் போச்சு."

வேலம்மாள் சுவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எங்கம்மா தாண்டுச்சு? அது நம்ம கடியாரம். ரோட்டு மணி நாலே முக்கா கூட ஆவல."

வெயில் ஏறுமுன் ஆட்கள் பாத்தியில் இறங்க வேண்டும் என்று சங்கத்துக் கடிகாரத்தை அரை மணி முந்தி வைப்பார்கள். எந்தக் காலத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாது. உப்பளத்தில் சங்கு ஊதுவது அந்த மணிக்குத்தான். பஸ் பிடிக்கவோ ரேஷன் கடைக்குப் போகவோ அரை மணி கழித்துக்கொண்டால் அது ரோட்டு மணி. அமராவதியும் தினம் அப்படிக் கழித்துத்தான் வீட்டுக்கு பஸ் ஏறுகிறாள். சுவரில் பார்த்தால் கழிக்கத் தெரிந்தவள், அதையே கம்ப்யூட்டரில் போட்டதும் வேதவாக்காக நம்பிவிட்டாள்.

காலண்டர் தாளை இழுத்துப் பார்த்தாள். ஓரத்தில் அவள் கையெழுத்தே இருந்தது: 'அனுப்பும் நேரம் பார்க்கும்.' பகல் முழுக்க அரை மணி முந்திய நேரத்தோடு வாசலைத் தட்டியிருக்கிறாள். அது எப்படித் திறக்கும்?

மணியைத் திருத்தினாள். நாலு நாற்பது. முதல் ஃபைலை அனுப்பினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பெறப்பட்டது' என்றது வாசல். அமராவதி வாய்விட்டுச் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் நாற்பத்திரண்டு இருக்கிறது.

லைன் நொண்டி நொண்டிப் போனது. அகர வரிசையில் வைத்திருந்ததால் வேலம்மாள்தான் கடைசி. அவள் ஃபைல் உள்ளே போனபோது நாலு ஐம்பத்தொன்பது. அமராவதி மௌஸைத் தள்ளிவைத்தாள்.

"போயிடுச்சுக்கா. எல்லாமே."

"அப்ப வீடு வந்துடுமா?"

பொய் சொல்லலாம்தான். மனசு வரவில்லை. "பேரு போயிருக்குது. வீட்டுக்கு இன்னும் எத்தினி வாசல் இருக்குதோ, எனக்குத் தெரியலக்கா."

வேலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போன தபா பேரே இல்லாமத்தானேம்மா காத்துக்கிட்டிருந்தோம்" என்றாள். "சோறு துன்னுட்டுப் போ. உன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது."