தாய்மாமன் தட்டு

மகள் ரெஜினாவுக்குக் கல்யாண நலங்கு வைக்கிற நாள் நெருங்க நெருங்க, செசிலிக்கு ஒரே கவலைதான். தட்டை யார் தூக்குவது?

களமருதூர்ப் பக்கத்தில் நலங்கென்றால் தாய்மாமன் தெருமுனையிலிருந்து தட்டெடுத்து வர வேண்டும். புடவை, மாலை, மஞ்சள், பழம் எல்லாம் அதில் இருக்கும். அவன் கையால் மாலை விழுந்த பிறகுதான் பெண்ணுக்கு மற்றவர்கள் மஞ்சள் பூசுவார்கள். செசிலி இருக்கிற வேதக்காரர்கள் தெருவிலும், கிறிஸ்தவர்கள்தான் என்றாலும், இதே வழக்கம்தான். ரெஜினாவுக்கும் கூடப்பிறந்த தாய்மாமன் ஒருவன் இருந்தான். என்ன, அவன் பிஷப்பாகப் போய்விட்டான்.

அருளப்பன் மீசை முளைக்குமுன்பே குருமடம் போனவன். குருப்பட்டம் வாங்கியதும் அவனை வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்னப் பங்குக்கோவிலுக்கு அனுப்பினார்கள். செசிலியின் மனசில் தம்பி தம்பியாக இருந்தது அந்த மலை வருஷங்களில்தான். அறுப்பு முடிந்ததும் அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலையேறுவாள். அவன் முட்டிவரை சேற்றோடு ஏதாவது ஒரு ஊரிலிருந்து நடந்து வந்து சேருவான். காய்ச்சல்காரர்களை டோலி கட்டித் தூக்கிவருவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவருவது, ரோடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவது என்று அவனுக்கு வேலை ஓயாது. பூசைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் மலையில் எல்லாருக்கும் அவன்தான் சாமி. பக்கத்து வீட்டு வெள்ளச்சி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவள்தான் அவனுக்குச் சாமைச்சோறு ஆக்கிப் போட்டாள். அக்கா போனால் மட்டும் அடுப்பை அக்காவுக்கு விட்டுக்கொடுப்பாள்.

பிறகு வடக்கே எங்கேயோ, பேச்சுப் புரியாத ஒரு மறைமாவட்டத்துக்கு அவனைப் பிஷப்பாக்கினார்கள். பட்டாபிஷேகத்தன்று செசிலி வரிசையில் நின்று, முழங்காலிட்டு, அவன் மோதிரத்தில் உதடு ஒற்றி முத்தி செய்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அதற்கப்புறம் அவன் எப்போது வந்தாலும் பேண்டு வாத்தியத்தோடு வந்தான், சாமியாரின் பங்குவீட்டில் சாப்பிட்டான், காரில் போனான். தெருவே ஆண்டவர் என்று கூப்பிடும்போது அக்கா மட்டும் அருளு என்று எப்படிக் கூப்பிடுவாள்?

தட்டு விஷயத்தைப் பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஆண்டவர் பூசை வெச்சு ஆசீர்வாதம் பண்றாரு. அதுக்கு மேல இன்னாம்மா வேணும்? அவரு போயி தட்டு தூக்கினா நல்லாவா இருக்கும்?"

பெரியப்பா மகன் சின்னராசு, தான் தூக்குவதாகச் சொன்னான். செசிலி சரியென்று தலையாட்டிவிட்டு, கொல்லைப்புறம் போய் வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள்.

நலங்கன்று சாயங்காலம் தெருமுனைக்குக் கார் வந்தது. வெள்ளை அங்கி, ஊதாக் கச்சையோடு அருளப்பன் இறங்கினார். பங்குச் சாமியார் பொன்னாடை போர்த்தினார். வாத்தியக்காரர்களுக்கு அந்தப் பக்கம் புதுவேட்டியில் சின்னராசு தட்டோடு விறைத்து நின்றான். ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த வழியில் கிழங்கு மூட்டையும் தேன் பாட்டிலுமாக வெள்ளச்சி வந்து நின்றாள். செசிலி சொல்லியனுப்பி, காலை ஜீப்பில் மலையிறங்கி வந்தவள்.

"இன்னா சாமி, நீ சும்மா நிக்கற? தட்டு எவங்கிட்டயோ இருக்குது. மாமங்காரன் நீதான?"

"அம்மா, அவரு பிஷப்பு. மரியாதையா பேசு" என்றார் பங்குச் சாமியார்.

"எங்க வூட்டு களியத் தின்னவன்தான், எனக்குத் தெரியாதா? பிஷப்புன்னா அக்கா பொண்ணுக்கு மாமன் இல்லன்னு ஆயிடுமா?"

யாரோ சிரித்தார்கள். அருளப்பன் கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"ஆசீர்வாதம் பண்றீங்களே, அதுவே போதும்னு..."

"ஆசீர்வாதம் ஊருக்கெல்லாம் பண்றேன். ரெஜினாவுக்குத்தான மாமன்."

சின்னராசு தட்டை அவர் கையில் வைத்தான். "புடிங்க ஆண்டவரே. எனக்கும் கை கடுக்குது."

வீட்டு வாசலில் மாமன் கால் கழுவத் தண்ணீர்ச் சொம்போடு எதிரே வந்த செசிலி, அதைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிடப் போனாள். மோதிரம் போட்ட கையும் தட்டுக்கு அடியில் இருந்தது. "தட்டு கனக்குதுக்கா. தண்ணிய ஊத்து" என்றார். அவள் ஊற்றினாள். மலைப்பாதை நடந்து வெடித்த பித்தவெடிப்பு அந்தக் கால்களில் இன்னும் அப்படியே இருந்தது.

மாலை போடுகிற நேரம் அவர் தயங்கினார். "எத்தனையோ கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க, ஒரு மாலை போட வரலியா?" என்றாள் செசிலியின் நாத்தனார் கமலா. மாலை விழுந்ததும் பெண்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் கன்னத்திலும் மஞ்சள் தடவினார்கள். பங்குவீட்டில் ஆறிப்போன விருந்தை யாரும் நினைக்கவில்லை. செசிலி வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து, சர்க்கரை வியாதி இருந்ததால் கொஞ்சமாகச் சாப்பிட்டார். கத்தரிக்காய் குழம்பை இன்னொரு தரம் கேட்டார்.

ஊற்றும்போது செசிலிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்மா கடைசி நாளில் அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். அந்த வடக்கத்தி ஊரில் யார் உனக்குச் சோறு போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். எல்லாம் நாக்கு வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றுதான் கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். அதற்குள் வாசலில் டிரைவர் வந்து நின்றார்.

மறுநாள் கல்யாணப் பூசையில் உயரத் தொப்பியும் செங்கோலுமாக அவர் பீடத்தில் நின்றார். நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் செசிலி மெதுவாக நகர்ந்து, அவர் முன்னால் வந்தாள்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

அவர் அப்பத்தை நாவில் வைத்தார். ஏதோ சொல்ல வருகிறவர் போல ஒரு கணம் கை அங்கேயே நின்றது. பின்னால் நின்ற சின்னராசு லேசாக இருமினான். செசிலி கைகூப்பியபடி விலகி, தன் இடத்துக்கு நடந்தாள்.